விட்டுப் போன ஒரு வரி

உங்களுக்கு அது எப்போது தெரிந்தது, டீச்சர்? நேற்று மாலையிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது.

நேற்று உங்கள் தம்பி வந்தார். "அக்கா உங்ககிட்ட சேக்கச் சொல்லுச்சுங்க" என்று ஒரு மஞ்சள் பையை நீட்டினார். உள்ளே உங்கள் விசில், அதே கறுப்புக் கயிற்றோடு. அதனடியில் நாலாக மடித்த ஒரு காகிதம். பிரித்தேன். ஒன்பது வருடத்துக்கு முன் நான் எழுதி, நானே ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் எடுத்த சதுரங்க விதிகள். கடைசியில் 'வீட்டு ஆட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடுகள்' என்று ஒரு பகுதி. அதன் அடியில் என் அச்செழுத்து முடிந்த இடத்தில், பென்சிலில், உங்கள் சாய்ந்த எழுத்து: 'ராஜா குதிரை மாதிரி தாண்டக் கூடாது. இது விட்டுப் போச்சு.'

அந்த வரி விட்டுப்போனது உங்களுக்குத் தெரியாது என்று இத்தனை வருடம் இருந்தேன். உங்களோடு ஒரே ஆசிரியர் அறையில், பக்கத்து நாற்காலியில்.

தர்மபுரி மாவட்டம் சேலத்தைவிட்டுப் பிரிந்து மூன்று வருடம் ஆகியிருந்த சமயம். ஆண்கள் பள்ளிகள் எதற்கெடுத்தாலும் மாவட்டப் போட்டி என்று ஒன்றை நடத்திக்கொண்டிருந்தன. நீங்கள் டிரில் டீச்சர். உங்கள் மைதானத்தில் எட்டாம் வகுப்புக்கு மேல் பெண்கள் நிற்பதில்லை. தாவணி போட்டதும் வீட்டிலிருந்து சீட்டு வந்துவிடும், ஓட விடாதீர்கள் என்று. ஒரு மதியம் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டே சொன்னீர்கள்: "ஓடக் கூடாதுன்னுதானே எழுதறாங்க? உக்காந்து வெளையாடக் கூடாதுன்னு இன்னும் யாரும் எழுதலையே டீச்சர்."

நான் சிரிக்கவில்லை. இங்கே யாருக்குச் சதுரங்கம் தெரியும் என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியுமில்ல? மெட்ராஸ்ல படிக்கறப்ப ஆஸ்டல்ல ஆடுவேன்னு ஒருக்கா சொன்னீங்க. நீங்க உங்களைப் பத்திச் சொன்னதே மொத்தம் மூணு சங்கதி. அதுல ஒண்ணு இது. மறப்பனா?"

அப்படித்தான் பெண்களுக்கென்று ஒரு மாவட்டச் சதுரங்கப் போட்டி முடிவாயிற்று. பலகைக்கு மரம் கிடைக்காமல் அலைந்தோம். நம் பள்ளியில் ஒன்பதாவது படித்த ஜமீலாவின் அத்தா கடைத்தெருவில் தகரப் பெட்டி செய்து விற்பவர். மிஞ்சிய தகரத்தை வெட்டித் தட்டி அவர்தான் பலகை செய்து கொடுத்தார். "பெட்டிக்கு அடிக்கிற பச்சை பெயிண்டுதான் இருக்குதுங்க. கறுப்புக் கட்டம் பச்சையா இருந்தா ராஜா கோவிச்சுக்க மாட்டாரே?" என்றார். "ராஜா கோவிச்சா நான் விசில் அடிக்கிறேன் பாய்" என்றீர்கள்.

விதிகளை எழுதும்போது என் பக்கத்தில் உட்கார்ந்து, வீடுகளில் எப்படி ஆடுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். சிப்பாய் முதலிலும் ஒரு கட்டம்தான் போகும். கடைசி வரிசைக்குப் போன சிப்பாய் எந்தக் காயின் கட்டத்தில் ஏறியதோ அந்தக் காயாகத்தான் மாறும். "அப்பறம், ராஜா ஒரே ஒருக்கா குதிரை மாதிரி தாண்டுவாருங்க. செக் வாங்கறதுக்கு முன்னாடி. அதையும் கூடாதுன்னு எழுதிடுங்க." எழுதிக்கொண்டேன். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ராஜா தாண்டுவதாவது.

ஸ்டென்சில் வெட்டியது ஒரு வெள்ளிக்கிழமை. தாளில் கடைசி வரிக்கு இடம் போதவில்லை. இன்னொரு ஸ்டென்சில் எடுத்திருக்கலாம். கைப்பிரதியைப் பார்த்து, எது இல்லாவிட்டால் பரவாயில்லை என்று யோசித்து, ஒரு வரியை எடுத்தேன். எதை எடுத்தேன் என்பதை அடுத்த வாரமே மறந்தும் போனேன்.

மாதம்மாளைக் கண்டுபிடித்தவர் நீங்கள். ஏரியூர் நடுநிலைப் பள்ளியில் எட்டாவது. விதித்தாள் கொடுக்கப் போன இடத்தில், ஒரு மணி நேரத்தில் உங்களை மூன்று முறை தோற்கடித்தாள். உங்களைத் தோற்கடிப்பது பெரிய காரியம் இல்லை என்று நான் சொன்னதற்கு, அடுத்த வாரம் என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். நானும் தோற்றேன். அவளுடைய அப்பா நிலக்கடலைக் காட்டிலிருந்து வந்து, துண்டால் காலைத் துடைத்துக்கொண்டு நின்றார். எட்டாவதோடு நிறுத்தப்போவதாகச் சொன்னார். ஒன்பதாவதுக்குத் தர்மபுரி வர வேண்டும், விடுதியில் விட வேண்டும். "பொட்டப்புள்ளைய அங்க வுட்டுட்டு எங்களுக்கு இங்க தூக்கம் வருமுங்களா?"

நீங்கள் விடவில்லை. ஆஸ்டல் வார்டன் உங்கள் தோழி என்றீர்கள், தினமும் நீங்களே போய்ப் பார்ப்பேன் என்றீர்கள். கடைசியில் அவர் சொன்னார்: "சரிங்க. இவ அந்தப் போட்டியில ஜெயிச்சுக் கப்பு கொண்டாந்தா, கொண்டாந்து வுடறேன். தோத்தா பேச்சே வேண்டாம். இது சொன்ன சொல்லுங்க."

திரும்பும் பஸ்ஸில் நீங்கள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தீர்கள். நான் சொன்னேன், ஒரு விளையாட்டின் மேல் ஒரு பெண்ணின் படிப்பைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறீர்கள் என்று. "வேற எதுல தொங்கவுடறது? நீங்களே சொல்லுங்க" என்றீர்கள்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. முப்பது பேர் வருவதாக எழுதியிருந்தார்கள். பதினாறு பேர்தான் வந்தார்கள். பெண்ணை அனுப்பிய அப்பாக்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். பென்னாகரம் பக்கத்துப் பெண்கள் நாலு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். தலைமையாசிரியை பதினொரு மணிக்கே வந்து, "இன்னும் முடியலையா?" என்றார். வெயில் ஏற ஏறத் தகரப் பலகைகள் சுட்டன. நீங்கள் ஈரத் துணியை வைத்துக்கொண்டு மேசை மேசையாகப் போனீர்கள். ஒவ்வொரு சுற்றும் முடிய முடிய, நாலு மணிக்குள் முடியாது என்றே எனக்குத் தோன்றியது.

மூன்று மணிக்கு இறுதி ஆட்டம். ஜமீலாவும் மாதம்மாளும்.

மாதம்மாளுக்கு இரண்டு சிப்பாய்கள் அதிகம். அவள் ஜெயிக்கும் நிலையில்தான் இருந்தாள். ஜமீலா தன் யானையை நேர்வழிக்குக் கொண்டுவந்தபோது, கடைசி வரிசையில் சிப்பாய்களுக்குப் பின்னால் அடைபட்டிருந்த மாதம்மாளின் கறுப்பு ராஜாவுக்கு அடுத்த நகர்வில் ஆபத்து. ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியிருந்தால் போதும். மாதம்மாள் யோசிக்கவே இல்லை. ராஜாவை எடுத்து, சிப்பாய்களின் தலைக்கு மேலாகக் குதிரை போலத் தாண்டவைத்து, தகரத்தில் டக்கென்று வைத்தாள்.

ஜமீலா தலையை ஆட்டிவிட்டு அடுத்த நகர்வுக்கு யோசிக்க ஆரம்பித்தாள். அவள் வீட்டிலும் ராஜா தாண்டும். தப்பு நடந்தது என்று அந்த அறையில் நினைத்தது நான் ஒருத்திதான். நான் எழுந்தேன்.

"அது செல்லாது. ராஜாவைத் தொட்டாயிற்று, ராஜாவைத்தான் நகர்த்த வேண்டும். ஒரு கட்டம்."

வாசற்படியிலிருந்து ஜமீலாவின் அத்தா எழுந்து வந்தார். "எங்க வூட்லயும் ஒருக்கா தாண்டுவாருங்க டீச்சர். எம் பொண்ணுக்கு ஒண்ணும் ஆட்சேபனை இல்லை. ஏம்மா?" ஜமீலா இல்லை என்று தலையசைத்தாள்.

நீங்கள் என் முழங்கையைப் பிடித்தீர்கள். "ரெண்டு புள்ளைங்களும் ஒத்துக்குறாங்க. நடுவுல உங்களுக்கு என்னங்க?"

"விதித்தாளில் இருக்கிறது" என்றேன். "கூடாது என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறோம்."

நீங்கள் என் முழங்கையை விட்டீர்கள். எழுதச் சொன்னவர் நீங்கள்தானே. எழுதியிருப்பேன் என்று நம்பினீர்கள். மாதம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள், பிறகு பலகையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"ஒரு தடவை, ஒரே தடவை, கண்ணை மூடிக்குங்க டீச்சர்" என்றீர்கள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "இல்லாட்டி மறு ஆட்டம் வெச்சுக்கலாம்." நான் கடிகாரத்தைக் காட்டினேன். மூன்றே முக்கால்.

ஏன் அப்படி நின்றேன் என்று சொல்கிறேன். பெண்பிள்ளைகள் ஆடுவது விதியில்லாத ஆட்டம் என்று ஒருவரும் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். அதுவும் உண்மை. எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றுவிட்டேன், இனி எப்படி உட்காருவது என்று நினைத்தேன். அதுவும் உண்மை. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ராஜா போக மிஞ்சியிருந்தது ஒரே கட்டம், மூலை. மாதம்மாள் அங்கே வைத்தாள். ஜமீலா யானையைத் தொடாமல் என்னைப் பார்த்தாள். "நான் அடிக்கணுங்களா டீச்சர்?"

"ஆட வேண்டும்" என்றேன்.

கப்பை வாங்கிக்கொண்டு ஜமீலா அழுதாள். மாதம்மாள் அழவில்லை. நாலு மணி பஸ்ஸுக்கு ஓடினாள்.

அன்று நீங்கள் பலகைகளை அடுக்கிவிட்டுத் தனியாகப் போனீர்கள். மறுநாள் விடியற்காலையில், முடிவுத்தாளோடு வைப்பதற்காக ஒரு விதித்தாளை எடுத்தேன். நான் இருக்கிறது என்று சொன்ன வரியைத் தேடினேன். ஒவ்வொரு வரியாகப் படித்தேன். தாளைத் திருப்பி வெற்றுப் பக்கத்தையும் பார்த்தேன்.

அதன்பின் நாம் அந்தப் போட்டியை நடத்தவில்லை. நீங்கள் கேட்டீர்கள், நான் தலைமையாசிரியை விடமாட்டார் என்றேன். நான் அவரிடம் கேட்கவே இல்லை. நாலு வருடம் கழித்து ஒகேனக்கல் பஸ்ஸில் மாதம்மாளைப் பார்த்தோமே, இடுப்பில் குழந்தையோடு. "வூட்டுக்காரரு பரிசல் ஓட்டறாருங்க" என்றாள். இன்னும் ஆடுகிறாயா என்று கேட்டீர்கள். "தரையில கரிக்கோடு போட்டு ரெண்டு பேரும் ஆடுவோங்க. எங்க வூட்ல ராஜா இன்னும் தாண்டுதுங்க டீச்சர்" என்று சொல்லி, என்னைப் பார்த்துச் சிரித்தாள். நீங்களும் சிரித்தீர்கள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

மருத்துவமனையில் கடைசியாக உங்களைப் பார்க்க வந்தபோது சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். எழுப்பியிருக்கலாம். இப்போது கேள்வித்தாள் தயாரித்தால், கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தியிடம் பழைய கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்து, "இதில் எது விட்டுப் போயிருக்கிறது?" என்று கேட்கும் பழக்கம் எனக்கு வந்திருக்கிறது. அவர்களுக்குப் புரிவதில்லை. என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தப் பழக்கம்தான், டீச்சர். இனி உங்கள் விசிலும்.

போட்டிக்கு மறுநாள் நடந்ததை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். கூட்டாமல், குறைக்காமல்.

திங்கட்கிழமை. அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் நிலையத்துக்கு வந்தேன். நீங்கள் ஏற்கெனவே ஏரியூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தீர்கள். ஒன்றும் கேட்காமல் நகர்ந்து இடம் விட்டீர்கள். தப்பு என்னுடையது, உங்கள் பெண் தோற்கவில்லை என்று அவளுடைய அப்பாவிடம் சொல்வதற்காகத்தான் நான் வந்தேன். வழியெல்லாம் அந்த வாக்கியத்தை மனசுக்குள் திருத்திக்கொண்டே வந்தேன்.

அவர் நமக்கு மோர் கொடுத்தார். நீங்கள் கெஞ்சினீர்கள். உங்களை நான் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார்.

"சொன்ன சொல்லுன்னா சொல்லுதானுங்க. உங்களுக்குத் தெரியாததுங்களா? எழுதி வெச்சதை மாத்த முடியாதுன்னு நேத்து அத்தனை பேரு முன்னாடி நின்னீங்களாமே, பாப்பா சொல்லுச்சு. அப்படித்தானுங்க இருக்கோணும்."

மரியாதையாகத்தான் சொன்னார். நான் மோரைக் குடித்தேன். சொல்ல வந்ததைச் சொல்லாமலே டம்ளரைக் கீழே வைத்தேன். அவர் காட்டுக்குப் போனார்.

மாதம்மாள் பஸ் நிற்கும் இடம்வரை நம்மோடு வந்தாள். நீங்கள் பத்தடி முன்னால் நடந்தீர்கள். அவள் பாவாடை மடிப்பிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள். "நேத்தே சொல்லலாம்னு இருந்தேங்க டீச்சர். தாண்டக் கூடாதுன்னு இதுல போடலைங்களே. நாலு தடவை படிச்சுப் பாத்துட்டேங்க."

நான் கையை நீட்டவில்லை. பஸ் வந்தது. நீங்கள் விசில் அடித்து அதை நிறுத்தினீர்கள். திரும்பி வந்து அவள் கையிலிருந்த தாளை வாங்கி உங்கள் பைக்குள் திணித்துக்கொண்டு, "ஏறுங்க டீச்சர்" என்றீர்கள்.

பென்னாகரத்தில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாக வறுத்த கடலை ஒரு பொட்டலம் வாங்கினீர்கள். பிரித்து, பாதியை என் உள்ளங்கையில் கொட்டினீர்கள். சூடாக இருந்தது. கையை மூடிக்கொண்டேன்.