சித்தியின் தலைக்குள் ஏறிய பிரஷர்

அன்புள்ள சிட்டுவுக்கு, பதினான்கு தெருக் குழாய்களையும் அடக்கி ஆளும் பிளம்பர் சக்கரவர்த்தி, உன்னைத் தூக்கி வளர்த்த சித்தப்பா எழுதுவது. இங்கே நான் அளவுக்கு மீறிய நலம், உன் சித்தி நலத்தை நோக்கி முக்கால் தூரம் வந்துவிட்டாள். நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

மூன்று மாதமாகச் சித்தி வீடியோவில் முகம் காட்டாததற்குக் காரணம் போன் ரிப்பேர் இல்லை. உன்னிடம் சொல்லக்கூடாதென்று என் வாயைத் தைத்து வைத்திருந்தாள், தையல்காரி அல்லவா. முதலில் தலைவலி, பிறகு காதில் உஸ் உஸ் என்று சத்தம், சுவத்துக்குள்ள தண்ணி ஓடுதுங்க என்றாள். என் வீட்டிலேயே கசிவா, தொழில் மானம் என்னாவது! குளியலறைச் சுவரை உடைத்தேன், அடுப்படிச் சுவரை உடைத்தேன், இன்னும் ஒரு சாண் உடைத்திருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் குளிப்பதைப் பார்த்திருப்பேன், ஒரு சொட்டு ஈரம் இல்லை. மெயின் வால்வையே மூடிவிட்டு இப்பவும் கேக்குதா என்றேன், கேக்குதுங்க என்றாள். அந்த வாரமே, குனிஞ்சு நிமிந்தா கரண்டு போயி வர்ற மாதிரி கண்ணு இருட்டுது என்றாள். கண்ணாடி மாற்றப் போனோம். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்த கண்ணாடிக்கடைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு, கண்ணாடி கெடக்கட்டும், இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க என்றார்.

ஸ்கேனில் கட்டி இல்லை, அடைப்பு இல்லை. முதுகுத்தண்டில் ஊசி போட்டு உள்ளே ஓடும் நீரின் அழுத்தம் பார்த்தார்கள், இருக்கவேண்டியதைப்போல் இரண்டு பங்கு. மூளையச் சுத்தி ஓடுற தண்ணியோட பிரஷர் ஏறி கண் நரம்ப வீங்க வச்சிருக்கு, காதுல கேக்குற சத்தமும் அதாலதான், அப்படியே விட்டா பார்வை போயிரும், ஏன் ஏறுச்சுன்னு தெரியல, ஆனா எறக்கலாம் என்றார் டாக்டரம்மா. காரணம் தெரியாம பிரஷர் ஏறுதுன்னு நான் ஒரு வீட்ல சொன்னா என் ஸ்பேனராலயே என்னை அடிப்பாங்கம்மா என்றேன். அந்தம்மா அசராமல், நீங்க காரணம் தேடுன லட்சணத்தத்தான் உங்க வீட்டம்மா சொன்னாங்களே என்றார். ஆனால் சிட்டு, வீட்டுக்கு வந்ததும் சித்தி கண்ணை இறுக மூடிக்கொண்டு சட்டைக்குப் பொத்தான் தைத்துப் பழகினாள். யானையை இடுப்பில் தூக்கி வைக்கும் உன் சித்தப்பாவுக்கு அன்று ஒரு வாய் இறங்கவில்லை.

இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள், விரல் மரமரக்கிறது என்று திட்டிக்கொண்டே சாப்பிடுகிறாள். எடை குறையவேண்டும் என்றதால் தினமும் நடை, அவள் போகிற வேகத்தில் பின்னால் போகும் நான்தான் பாதியாகிவிட்டேன். போன வாரம் வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அமுக்கும் பரீட்சை வைத்தார்கள். முன்பு பாதிப் புள்ளியைக் கோட்டைவிட்டவள் இந்த முறை நாலைந்தைத்தான் விட்டாள், நரம்பு வீக்கமும் வற்றிவிட்டதாம். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் இன்னும் பல மாதம் மாத்திரை உண்டு, அதனால் நீ பதறி ஓடி வராதே, லீவு கிடைக்கும்போது நிதானமாக வா. உனக்கும் தலை வலித்துக் கண் மங்கினால் நீயாகக் கண்ணாடி மாற்றிக்கொண்டு திரியாமல் டாக்டரிடம் போ. நூறாண்டு நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் வீடியோவில் கூப்பிடு, சித்தி காத்திருப்பாள்.

இப்படிக்கு,
உன் ஒப்பற்ற சித்தப்பா

கண்ணு, சித்தி எழுதுறேன். மேலே இருக்கிறதை ஒரு எழுத்து விடாம நானே படிச்சேன். பாதியைக் கழிச்சுக்கோ.