நிலைக்காலில் பென்சில் கோடுகள்

திருநகர்,
15.06.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். போன மாதம் திருவாதவூரில் பெரியப்பா மகள் கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, “பாக்குற படத்தைப் பத்தி எனக்கு எழுது பாப்பா. போன்ல வேணாம், கையால எழுது. அப்பத்தான் யோசிச்சு எழுதுவ” என்றீர்கள். நான்கு வருடம் கழித்துப் பார்த்த அப்பா என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். அதனால் எழுதுகிறேன்.

இந்த மாதம் இரண்டு படங்கள் பார்த்தேன். முதல் படம் நம் மதுரையில் நடக்கிறதாம். பதினோரு பேர் அரிவாளோடு ஓடினார்கள். ஒருவர்கூட வேலைக்குப் போகவில்லை. அம்மா வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு நான் அடிக்கடி போவேன். காளவாசல் சிக்னலில் நிற்கிற அத்தனை பேரும் வேலைக்கோ பள்ளிக்கூடத்துக்கோதான் போகிறார்கள். இடைவேளையில் அம்மா, “இவங்க துணியெல்லாம் யாரு துவைக்கிறது? இம்புட்டு ரத்தம் ஒரு ஊறல்ல போகாதே” என்றாள். பின்னால் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

இரண்டாவது படத்தைப் பக்கத்து வீட்டு எஸ்தர் அக்காவின் டிவியில் பார்த்தேன். காதல் படம். அக்கா அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. கதாநாயகியின் அம்மா படம் முழுக்க நின்றுகொண்டே இருந்தார். மகள் கல்யாணத்தில்கூட அவருக்கு யாரும் நாற்காலி போடவில்லை. அவர் எப்போது உட்காருவார் என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் இரண்டு பாட்டுகள் என் காதில் விழவே இல்லை. இதையெல்லாம் விமர்சனம் என்று சொல்லலாமா? தெரியவில்லை. நீங்கள் சினிமாவிலேயே இருப்பவர், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பத்தாம் வகுப்பு என்பதால் இனி மாதம் ஒரு படம்தான் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் மகள்,
ஜெ. தமிழ்வாணி

*

சென்னை,
24.06.2025

அன்பு மகள் வாணிக்கு,

உன் கடிதத்தை அறையில் சத்தமாக வாசித்தேன். என்னோடு தங்கியிருக்கும் எடிட்டர் சிவபாண்டி, “அண்ணே, இந்தப் பாப்பாவ நம்ம படத்துக்கு மட்டும் கூட்டிட்டு வந்துராதீங்க” என்றான். நம்ம படம் என்று அவன் சொன்னதை நீ கவனித்திருப்பாய். ஆமாம், ஒன்பது வருடம் மற்றவர்கள் படத்தில் உதவி இயக்குநராக ஓடியபின், ஒருவழியாக என் படம் முடிந்துவிட்டது. சின்னப் படம். சினிமா ஆசையில் ஊரை விட்டுப் போகிறவனின் கதை. நான் வாழ்ந்ததுதான்.

உன்னிடம் ஓர் உதவி. படம் வந்ததும் இதேபோல் எழுது. அப்பா எடுத்தது என்று பார்க்காதே. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்த யாரோ ஒருத்தியாகப் பார்த்து எழுது. இங்கே எல்லோரும் “சூப்பர்” என்றுதான் சொல்வார்கள். எனக்கு அது போதாது.

நிற்கிற அம்மாவை நானும் இதுவரை பார்த்ததில்லை. இனிமேல் பார்ப்பேன்.

அன்புடன்,
அப்பா

*

திருநகர்,
20.07.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் காட்டினேன். முழுவதும் படித்துவிட்டு, “சரி, முடிச்சுட்டாரா. நல்லது” என்று சொல்லி மாவு ஆட்டப் போய்விட்டாள்.

இந்த மாதம் ஒரு பேய்ப் படம். அந்தப் பேய் மிக நல்லது. வீட்டில் இருந்தவர்கள்தான் மோசம். பேய்க்கு என்ன குறை என்று கடைசிவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் படம் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். கூட வந்த என் வகுப்புத் தோழி பவதாரிணி என் தோள் துணியைக் கசக்கிப் பிடித்துக்கொண்டே பார்த்தாள். பயமாக இருந்ததா என்று கேட்டால் இல்லை என்கிறாள்.

ஒரு சந்தேகம். நீங்கள் வாழ்ந்த கதை என்றால் அதில் நானும் வருவேன் அல்லவா? நானாக நடிப்பது யார்? நீங்கள் போனபோது எனக்கு ஆறு வயது, முன்பல் இரண்டும் இல்லை. அதையும் அப்படியே எடுத்தீர்களா? பவதாரிணி வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அவள் சொன்னபோது தடுக்கவும் இல்லை.

இப்படிக்கு,
ஜெ. தமிழ்வாணி

*

சென்னை,
12.09.2025

அன்பு வாணிக்கு,

பதில் எழுதத் தாமதம். கோபித்துக்கொள்ளாதே. செப்டம்பர் 26 வெளியீடு. மதுரையில் ஒரே தியேட்டர், காலைப் பத்தரைக் காட்சி மட்டும். அதுவே பெரிய பாடு. உனக்குக் காலாண்டுத் தேர்வு முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். முடிந்தால் அம்மாவையும் கூட்டிப் போ. கட்டாயம் இல்லை.

நீ கேட்டதற்குப் படம் பார்த்தபிறகு பேசுவோம்.

அன்புடன்,
அப்பா

*

திருநகர்,
28.09.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இன்று பார்த்தோம். தியேட்டரில் எங்களையும் சேர்த்து இருபத்து மூன்று பேர். பவதாரிணியை நான் கூப்பிடவில்லை. ஏனோ அப்படித் தோன்றியது.

யாரோ ஒருத்தியாக எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். கதாநாயகன் வேறொருவர் படப்பிடிப்பில் சாப்பாட்டு வரிசையில் நின்று, தன் முறை வரும்போது சாம்பார் தீர்ந்துபோய், வெறும் சோற்றோடு ஓரமாகப் போகிற காட்சி மிக நன்றாக இருந்தது. பாட்டும் இல்லை, வசனமும் இல்லை. அதை எடுக்கத் தெரிந்தவர் நல்ல இயக்குநர். யாரோ ஒருத்தியும் இதைத்தான் சொல்வாள்.

அவருடைய மனைவி படம் தொடங்கி இருபதாவது நிமிடத்தில் காய்ச்சலில் இறந்துபோகிறார். அவர் கட்டியிருந்த சேலை அம்மாவிடம் இருக்கிற மாதிரியே இருந்தது. அம்மாவின் பக்கம் திரும்பவே எனக்குப் பயமாக இருந்தது. அம்மா மெதுவாக, “மாலை நல்ல மாலையாத்தான் போட்டிருக்காரு. கல்யாணத்துக்குக்கூட எனக்கு இம்புட்டுப் பெருசா போடல” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அடக்க முடியாமல் கொஞ்சம் அழுகையும் வந்தது.

அதன்பின் அவர் வீட்டைப் பூட்டி, சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு பஸ் ஏறுகிறார். அவருக்கு யாருமே இல்லை. முன்வரிசையில் ஒருவர் மூக்கைச் சிந்தினார். எல்லோருக்கும் அவர்மேல் இரக்கம் வந்தது. அப்பா, நீங்கள் நம் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகவில்லை. உள்ளே நாங்கள் இருந்தோம்.

இதற்கு மேல் யாரோ ஒருத்தியாக எழுத எனக்கு வரவில்லை. ஆனால் அவளுடைய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. அவர் பூட்டுப் போடும்போது கதவின் நிலைக்காலில் பென்சில் கோடுகள் தெரிகின்றன. ஒன்றின்மேல் ஒன்றாக நான்கோ ஐந்தோ இருக்கும். பிள்ளைகளை நிறுத்தி உயரம் பார்த்துப் போடுகிற கோடுகள். படத்தில் அவருக்குப் பிள்ளையே இல்லை. அந்த வீட்டில் யாரை நிறுத்தி அளந்தார்கள்?

எழுத்து ஓடி முடிகிறவரை அம்மா உட்கார்ந்திருந்தாள். கடைசியாக உங்கள் பெயர் வந்ததும் எழுந்து, “பேரு பெருசாத்தான் போட்டிருக்காங்க. வா, போவோம்” என்றாள்.

ஜெ. தமிழ்வாணி

*

சென்னை,
11.10.2025

அன்பு மகள் வாணிக்கு,

படத்தை நான்கே நாளில் தியேட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். இங்கே அதைப் பற்றிப் பேசுவாரும் இல்லை. உன் கடிதம் மட்டும்தான் வந்தது.

அந்த நிலைக்காலை எடிட்டிங்கிலும் டப்பிங்கிலும் கலர் பார்க்கும்போதும் நாங்கள் நூறு தடவை பார்த்திருப்போம். ஒருவர் கண்ணிலும் கோடுகள் படவில்லை. நீ கண்டுபிடித்துவிட்டாய். இனி உன்னிடம் மறைத்துப் பயனில்லை.

முதலில் எடுத்த படத்தில் பிள்ளை இருந்தாள். திருமங்கலம் பக்கம் ஒரு வீட்டில் அவளை வைத்து இரண்டு நாள் எடுத்தோம். முத்துச்செல்வி என்று ஒரு குழந்தை, ஆறு வயது. கோடுகள் அவளுக்காகப் போட்டவை. அதில் மனைவி சாகவில்லை, வீட்டுக்குப் பூட்டும் இல்லை. அவன் செருப்பு மாட்டுவதைக் கதவுக்குப் பின்னால் நின்று பிள்ளை பார்ப்பாள். அவ்வளவுதான்.

எடிட் செய்து, தெரியாத பத்துப் பேரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினோம். பத்துப் பேருக்கும் அந்த ஆள்மேல் கோபம். அதற்குப்பின் அவன் பட்டினி கிடந்தாலும் அவர்களுக்குப் பாவமாக இல்லை. சிவபாண்டி சொன்னான்: “பிள்ளையத் தூக்கிருங்கண்ணே. அது இருக்க வரைக்கும் ஜனங்க இவன மன்னிக்க மாட்டாங்க.” ஒரு வாரம் யோசித்தேன். தூக்கிவிட்டேன். அதே வீட்டுக்குத் திரும்பப் போய், மனைவி இறப்பதையும் பூட்டுப் போடுவதையும் ஒரே நாளில் எடுத்தோம்.

உன்னை மறந்துபோனதால் விட்டேன் என்று நினைக்காதே. உன்னை வைத்துக்கொண்டு என்னை நல்லவனாகக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

வெட்டிய காட்சிகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. பதினோரு நிமிடம். லிங்க்கை அம்மா போனுக்கு அனுப்பவா?

அன்புடன்,
அப்பா

*

திருநகர்,
19.10.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நாளைக்குத் தீபாவளி. அம்மா அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருக்கிறாள். காலாண்டில் கணக்கில் எழுபத்தொன்று. மற்ற பாடங்கள் பரவாயில்லை.

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதல் முறை திருமங்கலம் என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். நம் வீட்டிலிருந்து அங்கே பஸ்ஸில் அரை மணி நேரம்தான். முதலில் இரண்டு நாள், பிறகு ஒரு நாள் அங்கே இருந்திருக்கிறீர்கள். வேறொரு குழந்தையை நிறுத்திக் கோடு போட்டிருக்கிறீர்கள். இதற்கு நான் எப்படி எழுதுவது என்று யோசித்ததில்தான் ஒரு வாரம் போய்விட்டது.

அந்தப் பத்துப் பேருக்குக் கோபம் வந்தது சரிதான். நான் பதினோராவது ஆளாக இருந்திருந்தால் எனக்கும் வந்திருக்கும். ஆனால் அவர்களில் யாரும் பாதியில் எழுந்து போனதாக நீங்கள் எழுதவில்லை. கோபத்தோடு உட்கார்ந்து முழுவதையும் பார்த்திருக்கிறார்கள். எனக்கும் சில படங்கள்மேல் அப்படிக் கோபம் வந்திருக்கிறது. அந்தப் படங்களைத்தான் நான் நாள்கணக்கில் நினைத்துக்கொண்டிருப்பேன். பிடித்த படங்களை மறுநாளே மறந்துவிடுவேன். இதை யாரோ ஒருத்தியின் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள்.

லிங்க் அனுப்ப வேண்டாம். நான் அம்மா போனில் தனியாகப் பார்த்து, பிறகு தாள் எடுத்து விமர்சனம் எழுத எனக்கு விருப்பமில்லை. இனி எந்தப் படத்தைப் பற்றியும் எழுதப் போவதில்லை. நீங்கள் அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். எஸ்தர் அக்கா அவர் வீட்டு டிவியில் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். அம்மாவிடமும் கேட்டேன். கிண்டுவதை நிறுத்தாமல், “வரட்டும். ஆனா பகல்ல வரச் சொல்லு. ஒளிஞ்சு வர்ற மாதிரி வந்தா காப்பி கிடையாது” என்றாள்.

பதினோரு நிமிடம்தானே. என் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எனக்குக் கோபம் வரும். அப்போது நீங்கள் எழுந்து போகக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் மகள்,
தமிழ்வாணி