பருந்துக்கு இறகு முளைத்ததாக நீ வாசித்தாய்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. நான் நலம். மற்றவர்களைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் எழுதினால் நீ மீதியைப் படிக்க மாட்டாய்.

குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா கூடத்தில் படுத்திருக்கிறார். அவர் புரளும் சத்தம் கேட்டால் குழாயைத் திறந்துவிடுகிறேன். இது அவர் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நோட்டை மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

உன் சீட்டு கிடைத்தது. லைப்ரரி மிஸ் அதை நம் மொட்டைப் பருந்துக் கதையின் இரண்டாம் பாகத்துக்குள் வைத்து, "நாப்பத்தி மூணாம் பக்கத்தை முதல்ல பாரு" என்று சொல்லிக் கொடுத்தார். நான் மக்கு. முதல் பக்கத்திலிருந்துதான் படிப்பேன் என்று பிடிவாதமாகப் படித்ததில், உன் சீட்டு கைக்கு வர இரண்டு நாள் ஆகிவிட்டது.

ஆமாம் அக்கா, இரண்டாம் பாகம் வந்தேவிட்டது! லைப்ரரியில் ஒரே ஒரு பிரதிதான். வரிசையில் முப்பத்தொரு பேர், நான் ஒன்பதாவது. எனக்கு முன்னால் படித்தவர்கள் யாரும் கதையைச் சொல்லக் கூடாது என்று மிஸ் சத்தியம் வாங்கியிருந்தார். அதனால் எதுவும் தெரியாமல்தான் திறந்தேன்.

முதல் அத்தியாயத்திலேயே தூக்கிவாரிப் போட்டது. மூன்று பிள்ளைகளும் ஒரு கல்லின் முன்னால் தலை குனிந்து நிற்கிறார்கள். கல்லில் "நடந்தே வந்தவர்" என்று செதுக்கியிருக்கிறது. யாருக்கு என்று நினைக்கிறாய்? நம் மொட்டைப் பருந்துக்கு! ஒரு இறகுகூட இல்லாமல் மலை மலையாக நடந்து, "என் முட்டி போச்சு, என் முட்டி போச்சு" என்று புலம்புமே, அதே பருந்துக்கு. அது எப்படிச் செத்திருக்கும்? முதல் பாகத்தின் கடைசியில் பாலம் அறுந்தபோது, கயிற்றை அலகால் கவ்விப் பிடித்துப் பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, கீழே விழுகிற நேரத்தில் அதற்கு இறகு முளைத்ததே! "இத்தனை நாள் எங்கடா போயிருந்தீங்க" என்று தன் இறகுகளையே திட்டிக்கொண்டு பறந்துபோனதே! நீ வாசித்துக் காட்டியபோது நான் கட்டிலில் ஏறிக் குதித்தேன், ஞாபகம் இருக்கிறதா?

அச்சுப்பிழை என்று வகுப்பில் சண்டை போட்டேன். அது பறந்துபோனதாகத்தான் முதல் பாகத்தில் இருக்கிறது என்று அடித்துச் சொன்னேன். சோடாபுட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "உனக்கு மட்டும் தனியா அச்சடிச்சுக் குடுத்தாங்களாடி?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. ரோஷத்தோடு போய் முதல் பாகத்தை எடுத்து வந்து, கடைசி அத்தியாயத்தை முதல்முறையாக என் கண்ணால் படித்தேன்.

இறகு முளைக்கவில்லை. "விடுங்க பிள்ளைங்களா, இனிமே முட்டி வலிக்காது" என்கிறது. அடுத்த வரியில் அது இல்லை.

ஒருநாள் முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன். அப்புறம்தான் நினைத்துப் பார்த்தேன். அப்போது எனக்கு ஏழு வயது, நாலு நாள் காய்ச்சல். உன் குரல் கொஞ்சம்கூடத் தடுமாறாமல், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அந்த இறகுகளை நீயாகவே முளைக்க வைத்திருக்கிறாய். அவ்வளவு நல்ல இடத்தை எழுத எத்தனையோ பேர் பாடுபடுகிறார்கள். நீ ஒரு மூச்சில் செய்தாய். அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன்.

இரண்டாம் பாகம் முதல் பாகத்தைவிட நன்றாக இருக்கிறது. சத்தியமாக. மந்திரம் போட்டுப் பருந்தை எழுப்பிவிடுவார்கள் என்று நான் பக்கத்துக்குப் பக்கம் காத்திருந்தேன். குகைக்காரி வந்து, "எழுப்பித் தர்றேன், ஆனா அதைப் பத்தின ஞாபகத்தை எல்லாம் எனக்குக் குடுத்துடணும்" என்று கேட்கிறாள். பெரியவர்கள் இரண்டு பேரும் சரி என்கிறார்கள். கடைக்குட்டிதான், "அப்ப திரும்பி வர்றது யாருன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு எழுந்து நடக்கிறாள். ஏறவே முடியாத மலை. பாதியில் அவளையும் அறியாமல் "என் முட்டி போச்சு" என்கிறாள். மூன்று பேரும் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன், அழுதேன், திரும்பவும் படித்தேன். இப்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் மாடிப்படி ஏறுகிற எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். விளையாட்டு வாத்தியார்கூட, ஏன் சொல்கிறோம் என்று தெரியாமலே சொல்கிறார்.

இனி வீட்டு விஷயம்.

அம்மாவின் வயிற்றில் கட்டி இருக்கிறது. வியாழக்கிழமை ஆபரேஷன். என்னிடம், "பல்லு புடுங்குற மாதிரிதான்டி, ரெண்டு நாள்ல வந்துடுவேன்" என்கிறாள். ஆனால் அப்பாவுக்குத் தலை பின்னக் கற்றுக்கொடுக்கிறாள். ஒரு வாரமாகத் தினமும் காலையில் என்னை நடுவில் உட்கார வைத்துப் பாடம் நடக்கிறது. அப்பா கடையில் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றுகிற மாதிரியே முடியையும் இறுக்குகிறார். புருவம் நெற்றிக்கு ஏறிவிடுகிறது. "பொண்ணு தலைங்க அது, பம்ப்செட்டு இல்ல" என்று அம்மா சிரிக்கிறாள். நேற்று தனியாகப் பின்னி முடித்துவிட்டார். அம்மா நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள், ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. ரெண்டு நாளில் வருகிறவள் இதையெல்லாம் எதற்குக் கற்றுக்கொடுக்கிறாள் அக்கா?

உன்னிடம் சொல்லக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. நீ பதறுவாயாம். உனக்கும் மாமாவுக்கும் இப்போதுதான் வீடு அமைந்து வருகிறதாம். (அவரை மாமா என்று எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.)

சீட்டில் நீ கேட்டது ஒன்றுதான். "அப்பாவுக்குக் கோபம் போயிடுச்சா? போயிருந்தா ஒரு வரி எழுது, வந்துடறேன்."

போய்விட்டது என்றுதான் முதலில் எழுதினேன். ஒட்டிக்கூட வைத்துவிட்டேன். பிறகு கிழித்துத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். அப்படி நம்பி நீ சிரித்த முகத்தோடு வந்து, அவர் எல்லார் முன்னாலும் கத்தினால், நீ அப்புறம் வரவே மாட்டாய்.

கோபம் போகவில்லை அக்கா. போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அத்தை உன் பேச்சை எடுத்தார். அப்பா பாதிச் சாப்பாட்டில் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போனார். உன் சைக்கிள் செயினுக்கு மாதாமாதம் எண்ணெய் விடுகிறார், அதுவும் உண்மை. ஏன் என்று கேட்டால், "துருப்பிடிச்சா யாரு பாக்குறது" என்கிறார். இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை நாளை மிஸ் கையில் கொடுப்பேன். உனக்குத் திங்கட்கிழமை கிடைக்கும் என்றார்.

பெரிய ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி, பெண்கள் வார்டு, ஜன்னலை ஒட்டிய கட்டில். அந்த வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோவார்கள். அதற்கு முன்பே மயக்க ஊசி போட்டுவிடுவார்களாம். அப்பா கத்துவார். கத்தட்டும், நான் உன் பக்கத்திலேயே நிற்பேன். மாமாவையும் கூட்டிக்கொண்டு வா. நீங்கள் இரண்டு பேரும் ரொம்ப நாள் நன்றாக இருக்க வேண்டும்.

ஏழு மணிக்குள் வந்துவிடு அக்கா. அம்மா விழித்திருப்பாள்.

உன் தங்கை