பள்ளத்தாக்கு தெரியும் அறைகள்

மே 6
சரிவுத் தெருவில் இன்று பதினோரு வீடு ஏறி இறங்கினேன். கையில் நகராட்சி அச்சடித்த நோட்டீஸ்: மண் சரிந்தால் எந்தப் பாதையில் இறங்குவது, பையில் எதையெல்லாம் தயாராக வைப்பது. எல்லோரும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற பல் டாக்டர் அதை நாலாக மடித்து, ஆடுகிற மேசைக்கு முட்டுக் கொடுத்தார். என் கண்ணெதிரே.
“பாருங்க, எவ்வளவு உபயோகமா இருக்கு!”

மே 7
பன்னிரண்டாவது வீடு அண்ணனுடையது. வீடு அல்ல, விடுதி. ஆறு அறை, ஆறிலும் பள்ளத்தாக்கு தெரியும். தப்பிக்கும் பாதையைக் காட்டும் பலகையை வாசலில் மாட்டினேன். நான் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் கழற்றிவிட்டார்.
“தங்க வர்றவங்க நிம்மதியைத் தேடி வர்றாங்க. நீ எமனுக்கு வழி காட்டுற மாதிரி போர்டு மாட்டுறியே!”
எமனுக்கு வழி தெரியும் அண்ணா, உங்களுக்குத்தான் தெரியாது. அங்கே சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.
அண்ணி மட்டும் வாசல்வரை வந்து, “கீழ இறங்க எவ்வளவு நேரமாகும்?” என்று கேட்டார்.

மே 9
என் வீட்டில் பை தயாரா? டார்ச் இருக்கிறது. அதன் பேட்டரி டிவி ரிமோட்டில் இருக்கிறது. இந்தப் பக்கத்தை யாரும் படிக்கக் கூடாது.

ஜூன் 14
ஐந்து நாளாக மழை. விடுதியின் பின்சுவரில் விரல் நுழைகிற விரிசல். அண்ணன் உடனடி நடவடிக்கை எடுத்தார். ஆளை வைத்துப் பூசி, வெளிர்நீலம் அடித்துவிட்டார்.
“இப்ப காட்டு, எங்க விரிசல்?”
“நீங்க பெயிண்ட் அடிச்சது மலைக்குத் தெரியுமா?” கத்தியே விட்டேன்.

ஜூன் 16
காலை பத்து மணிக்குத் தெருவைக் காலி செய்ய உத்தரவு. ஒலிபெருக்கியில் என் குரல்தான். பல் டாக்டர் முதல் ஆளாகக் குடையோடு இறங்கினார். அண்ணன் அசையவில்லை — எல்லா அறையும் நிரம்பியிருக்கிறதாம்!
அண்ணி அவரிடம் அனுமதி கேட்கவில்லை. தங்கியிருந்த பதினாலு பேரையும் பின்பாதை வழியாக இறக்கிவிட்டார்.
“இந்த வழி எப்படி அண்ணி தெரியும்?”
“ஒரு மாசமா காய் வாங்க இப்படித்தான் போறேன். பதினெட்டு நிமிஷம்.”
“அண்ணன்?”
“கூப்பிட்டேன். ஜன்னலெல்லாம் சாத்திட்டு வரேன்னாரு.”
பதினொன்றரைக்குச் சத்தம். லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி, ஆனால் நிற்கவே இல்லை. தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஐயோ, போர்டு மாட்டினவ, அவரு கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருக்கக் கூடாதா நான்?

ஜூன் 17
உயிரோடு இருக்கிறார். வலது கால் இரண்டு இடத்தில் முறிவு. ஆறு அறைகளுக்கும் இனிமேல் பள்ளத்தாக்கு தெரியாது. அவை பள்ளத்தாக்கில் கிடக்கின்றன.

செப்டம்பர் 3
இன்று மேல்தெரு. வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் அண்ணன் ஊன்றுகோலோடு கூடவே வந்தார். மூன்றாவது வீட்டுக்காரர் நோட்டீஸை வாங்கவே இல்லை. எங்களைப் பால்கனிக்கு அழைத்துப் போனார்.
“இந்த அழகைப் பாத்துட்டுச் சொல்லுங்க. இங்க போய் ஆபத்தா?”
அண்ணன் பார்த்தார். கம்பியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.
வீட்டுக்காரர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அண்ணன் குடித்து முடிக்கும்வரை குனிந்து நின்றார். பிறகு என்னிடம் மெதுவாக, “எந்தப் பக்கமா இறங்கணும்?” என்றார்.