பதினான்கு நாள் தவணை

2021 ஜூன், செவ்வாய்

என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

ரிஸ்வானுக்குப் பதினைந்து வயது. முந்தலில் ஒரு இறால் பண்ணையில் மோட்டரைத் திருடினான் என்று வழக்கு. அவனுடைய நன்னடத்தை அதிகாரி நான். சிறுவர் தடுப்பு இல்லத்திலிருந்து கெதியில் வீட்டுக்குப் போகட்டும் என்று, வழக்கை ஒத்திவைக்கும் ஒவ்வொரு முறையும் நீதவானிடம் குறுகிய தவணைதான் கேட்டேன். அவரும் பதினான்கு நாளே போட்டார். ஆனால் ஒருமுறை சாட்சிக்குக் கொரோனா, அடுத்த முறை சட்டத்தரணிக்கு. வழக்கு அசையவே இல்லை.

இன்று சிலாபம் நீதிமன்ற விறாந்தையில் என்னிடம் மெல்லச் சொன்னான்.

"மிஸ், இந்தத் தடவ நீளமா ஒரு தவணை கேளுங்க. மூணு மாசமெண்டாலும் பரவால்ல."

"உனக்கென்ன பைத்தியமா?"

"கோர்ட்டுக்கு வந்துட்டுப் போனா கொரோனா எண்டு பதினாலு நாள் தனி ரூம்ல போட்டுப் பூட்டுறாங்க மிஸ். அது முடியிற அண்டைக்குத் திரும்பவும் கோர்ட். மத்தப் பொடியன்மாரோட ஒண்டா இருந்து சோறு திண்டு ரெண்டு மாசமாச்சு."

வாரம் தவறாமல் அந்த இல்லத்துக்குப் போன் எடுத்தேனே! "சுகமாக இருக்கிறான்" என்றார்கள். அப்படியே எழுதிக்கொண்டேன். எங்கே இருக்கிறான் என்று கேட்கவில்லை.

நீதவானிடம் சொன்னேன். சுகாதார விதியில் தன்னால் கைவைக்க முடியாது என்றார். மூன்று மாதம் கேட்டேன், தந்தார்.

வாசலில் அவனுடைய உம்மா பிடித்துக்கொண்டா. "நீங்களும் ஒரு மனிசியா மிஸ்? புள்ளயக் கெதியா எடுத்துத் தாரெண்டுதானே சொன்னீங்க?"

விளக்கினேன். காதில் ஏறவில்லை.

ரிஸ்வான் இல்லத்து வான் வண்டியில் ஏறும்போது எங்களைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கண்டுதான் உம்மா இன்னும் சத்தமாக அழுதா.