நீ திட்டுவதற்கு ஒரு சாட்சி

அன்புள்ள வீட்டு மகாராணிக்கு,

நான் குத்துக்கல் மாதிரி நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலியும் அத்தையின் இருமலும் தேவலையா?

நான் கூட்டித் துடைக்கிற கல்லூரியில், பல தேசத்துத் தத்துவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பத்திரிகை ஒன்றைப் பிள்ளைகளே நடத்துகிறார்கள். இந்த இதழுக்குக் கேள்வி, 'வீடு என்பது எது?' துடைப்பமும் கையுமாக நின்ற என்னை மடக்கி, "அண்ணே, உங்க ஊர்ல என்ன சொல்வாங்க?" என்றார்கள்.

"ஊர் சொல்றது எனக்குத் தெரியாது. என் பொண்டாட்டி திட்டுற சத்தம் கேட்டா அதுதான் வீடு" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார்கள். பத்திரிகைக்கு ஆசிரியராக இருக்கிற கண்ணாடிக்காரப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "இதைப் போடுறோம். ஆனா உங்க வீட்டம்மா சம்மதிச்சு எழுதித் தரணும். இல்லேன்னா அச்சேறாது" என்றாள்.

என் பேச்சு அச்சில் வர இருப்பது இதுதான் முதல் தடவை. கெடுத்துவிடாதே, தாயே! 'ஆமாம், திட்டுவேன்' என்று உன் கையால் எழுதி இந்த மாதத்துக்குள் அனுப்பு. அவர்களுக்குச் சந்தேகம் வராதபடி ரெண்டு பக்கம் திட்டியே எழுது. ஆசிரியருக்கு முதல் வரி போதும். மீதி எனக்கு.

வாளியோடு வரச் சொல்லி என்னைத் தேடுகிறார்கள், ஓடுகிறேன்.

உன்னிடம் திட்டு வாங்கியே தேறினவன்