செத்த லைப்ரரி என்று எழுதிவிட்டேன்

செவ்வாய். விடிந்ததிலிருந்து மழை.

பாசிர் ரிஸ்ஸில் பஸ்ஸுக்கு நின்றதிலேயே செருப்பெல்லாம் ஈரம்.

வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். சாங்கியில் எந்தச் சரக்கு எங்கே நிற்கிறது என்று காட்டும் பழைய புரோகிராமை எலிக்ஸிர் மொழியில் புதிதாக எழுதலாமா, கூடாதா. அந்த மொழியின் பேரை எடுத்தவளே நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். முடியாது என்றால் வேலை வெளிக் கம்பெனிக்கு. எங்கள் குழு கலைந்துவிடும். குழுத் தலைவி ரோஸ்லின் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மேலாளர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்புதான் பயம்.

பார்த்தவரை:
கருவிகள் நன்று. புது ப்ராஜெக்ட், டெஸ்ட் எல்லாம் ஒரே கட்டளைக்குள்.
பிழைச் செய்தி மனுஷர் பேசுவதுபோல. எந்த வரி, ஏன், எல்லாம் சொல்கிறது.
சிங்கப்பூர் நேரம் வேண்டுமானால் நேர மண்டலப் பட்டியலைத் தனியாக இறக்கணுமாம். இதென்ன கூத்து!
விமானச் சரக்குச் செய்திகளைப் படிக்க, யாரோ எழுதி எல்லாருக்கும் பொதுவில் வைத்த கோட், அதாவது லைப்ரரி, ஒன்றே ஒன்று. நாளை பார்க்கணும்.

புதன். மழை விட்டது, புழுக்கம்.

அந்த லைப்ரரியில் ரெண்டு வருஷமாக ஒரு வரிகூட மாறவில்லை. நான் ஜாவாஸ்கிரிப்ட்டில் வளர்ந்தவள். அங்கே நாலு மாதம் அசையாவிட்டால் பால் ஊற்றிவிடுவோம். அறிக்கையில் 'செத்துவிட்டது' என்று எழுதி, மேலாளருக்கும் ரோஸ்லினுக்கும் அனுப்பியாயிற்று.

ரோஸ்லின் சிங்கப்பூரிலேயே பிறந்தவள், வாய் திறந்தால் 'லா' வரும். நேராக என் மேசைக்கே வந்துவிட்டாள்.

"கன்ஃபர்ம் செத்துடுச்சா லா?"

"ரெண்டு வருஷமா அசைவே இல்ல, ரோஸ்லின்."

"ரன் பண்ணிப் பாத்தியா?"

பார்க்கவில்லை. தேதியை மட்டும்தான் பார்த்தேன். லைப்ரரியை எழுதியவருக்கே ஒரு கேள்வி போட்டு வைத்தேன்: இதை இன்னும் யாராவது பார்த்துக்கொள்கிறீர்களா?

சாயங்காலம் தேக்கா மார்க்கெட். தையல்காரர் ரவிக்கையைத் தொடவே இல்லை. "நாளைக்குக் கண்டிப்பா தங்கச்சி." போன வாரமும் இதே நாளைக்குத்தான். கோபத்தில் முருங்கைக்காய் வாங்கி வந்தேன்.

வியாழன்.

பதில் வந்திருக்கிறது. பொறுமையான மனுஷர். தினமும் பார்க்கிறாராம். 'பிழை ஏதும் கண்டால் சொல்லுங்கள், இன்றே திருத்துகிறேன். இல்லையென்றால் நான் எதை மாற்றுவது?'

முகம் சூடாகிவிட்டது.

இந்த மொழிக்காரர்களின் வழக்கமே இதுதானாம்: வேலை முடிந்தால் விட்டுவிடுவார்கள். சும்மா பதிப்பு எண்ணைக் கூட்டி உயிரோடிருப்பதாகக் காட்ட மாட்டார்கள்.

இன்று காலை வந்த சரக்குச் செய்திகள் மொத்தத்தையும் அதில் ஓட்டினேன். ஒன்றே ஒன்று தகராறு. அதையும் எங்கள் ஆட்களே தப்பாக அடித்திருக்கிறார்கள். எந்த வரி என்று சரியாகக் காட்டியது. தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். ஆனால் மேலாளர் கையில் இருப்பது நேற்றைய அறிக்கை. நாளை அவர் முன்னால் என் வார்த்தையை நானே விழுங்கணும்.

வெள்ளி. நல்ல வெயில்.

கூட்டம். மேலாளர் என் அறிக்கையின் முதல் பக்கத்தைத் தட்டினார்.

"செத்துப்போச்சுன்னு நீங்கதானே எழுதினீங்க?"

"தப்பா எழுதிட்டேன் சார். ஓட்டிப் பாக்காம எழுதிட்டேன். இப்ப ஓட்டிக் காட்டவா?"

ரோஸ்லின் மேசைக்கடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கையாலேயே கீபோர்டில் தட்டினேன். செய்திகள் மளமளவென்று வரிசையில் விழுந்தன. அவர் சிரிக்கவில்லை. அவரே ஒரு செய்தியைக் கெடுத்துக் கொடுத்துப் பார்த்தார். அந்தப் பிழையையும் லைப்ரரி கண்டுபிடித்துவிட்டது.

"இத எழுதின ஆள் நாளைக்கு விட்டுட்டுப் போயிட்டா?"

"கோட் எல்லாருக்கும் திறந்துதான் இருக்கு சார். முழுக்கப் படிச்சிட்டேன், சின்னதுதான். நாங்க பாத்துக்குவோம்."

"நாங்கன்னா?"

"நானும் ரோஸ்லினும்."

மேலாளர் போனை எடுத்தார். வெளிக் கம்பெனிக்காரரோடு இருந்த சந்திப்பை எங்கள் முன்னாலேயே ரத்து செய்தார்.

படிக்கட்டுக்கு ஓடி, வீட்டுக்காரர் சேவியருக்குப் போன். அவர் எடுத்ததும் மூக்கை உறிஞ்சிவிட்டேன்.

"ஏய், என்னாச்சு? அழறியா?"

"இல்லங்க. திங்கக்கிழமை ஆரம்பிக்கிறோம்."